மரத்தடியில் அமைதி என்று யார் சொன்னது?

மரங்கள் இருக்கும் ஓர் ஓவியத்தைக் காட்டி, "இதில் என்ன உணர்வு தெரிகிறது?" என்று கேட்டுப் பாருங்கள். பெரும்பாலும் நான்கைந்து விடைகள்தான் வரும். அமைதி, தனிமை, இயற்கையின் அழகு. இலை உதிர்ந்திருந்தால் சோகம். ஓவிய ரசனை கற்றுத்தரும் இடங்களிலும் இதே அகராதிதான் ஓடுகிறது. பச்சை மரம் என்றால் வாழ்வு, பட்ட மரம் என்றால் சாவு, வேர் என்றால் மரபு, ஒற்றை மரம் என்றால் தனிமை. இந்த அகராதியை எழுதியவர் யார், அவர் எந்த மரத்து நிழலில் உட்கார்ந்து எழுதினார் என்று யாரும் கேட்பதில்லை.

நாம் கேட்போம். கேட்பதற்கு ஒரு சின்ன ஓவியம் போதும். பன்னிரண்டு அங்குல உயரம், பதினெட்டு அங்குல அகலம். அமெரிக்கக் கறுப்பின ஓவியர் ஜேக்கப் லாரன்ஸ் 1940-41-இல் வரைந்த "பெயர்ச்சி" வரிசையின் 60 ஓவியங்களில் 15-ஆவது. இன்று வாஷிங்டனில் உள்ள பிலிப்ஸ் கலெக்ஷன் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. இணையத்தில் எளிதாகக் கிடைக்கும். படித்துக்கொண்டிருப்பதை நிறுத்திவிட்டு ஒருமுறை பார்த்துவிட்டு வாருங்கள்.

பார்த்தீர்களா? அதில் இருப்பவை மிகக் குறைவு. வெளிறிய வானம். இலையில்லாத ஒரு கிளை. கிளையிலிருந்து தொங்கும் சுருக்குக் கயிறு. கீழே தரையோடு தரையாக, முதுகை வளைத்துச் சுருண்டு உட்கார்ந்திருக்கும் ஓர் உருவம். முகம் தெரியவில்லை. ஆணா பெண்ணா என்றுகூட உறுதியாகச் சொல்ல முடியாது. அவ்வளவுதான். கயிற்றில் யாரும் இல்லை.

இப்போது பழைய அகராதியை எடுத்து இதன்மேல் வைத்துப் பாருங்கள். இலையில்லாத கிளை, எனவே குளிர்காலம். தனி மனிதர், எனவே தனிமை. வெற்று வானம், எனவே அமைதி. மூன்றும் தவறு. அந்தக் கிளைக்குப் பருவகாலம் கிடையாது. அந்த மனிதர் தனிமையை நாடி அங்கே வந்து உட்காரவில்லை. அந்த வானம் வெறிச்சோடிக் கிடப்பதற்குக் காரணம், பார்க்க வந்த கூட்டம் வேலை முடிந்து கலைந்து போய்விட்டது.

கயிறு ஏன் காலியாக இருக்கிறது?

இந்த ஓவியத்தின் அரசியல் முழுவதும் இந்தக் கேள்வியில் இருக்கிறது. கொலையைப் பற்றிய படத்தில் கொல்லப்பட்டவர் ஏன் இல்லை?

வரைந்தவருக்குத் தெரியாத விஷயம் இல்லை இது. லாரன்ஸ் 1917-இல் பிறந்தவர். தாயும் தந்தையும் தெற்கு மாநிலங்களிலிருந்து வடக்கே பெயர்ந்தவர்கள். பதின்மூன்று வயதில் நியூயார்க்கின் ஹார்லெமுக்கு வந்து அங்கேயே ஓவியம் கற்றார். இந்த வரிசையை வரையும்போது வயது 23. ரோசன்வால்ட் நிதியுதவி கிடைத்ததும் ஹார்லெமின் 135-ஆம் தெரு நூலகத்தில் மாதக்கணக்கில் உட்கார்ந்து, தெற்கிலிருந்து கறுப்பின மக்கள் ஏன் கூட்டம் கூட்டமாக வெளியேறினார்கள் என்று படித்தார். பிறகு 60 பலகைகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக்கொண்டு, ஒரு நிறத்தை எடுத்தால் எல்லாப் பலகைகளிலும் அந்த நிறத்தைத் தீட்டி முடித்துவிட்டுத்தான் அடுத்த நிறத்துக்குப் போனார். பலகைகளைத் தயார் செய்வதிலும் வாசகங்களை எழுதுவதிலும் ஓவியர் க்வென்டலின் நைட் உடன் நின்றார். அவர்கள் 1941-இல் திருமணம் செய்துகொண்டார்கள்.

அந்த முறையின் விளைவைக் கவனியுங்கள். ரயில் நிலையத்தில் முண்டியடிக்கும் கூட்டத்துக்கும், வெள்ளத்தில் மூழ்கிய வயலுக்கும், வடக்கின் ஆலைக்கும், இந்தத் தூக்குக் கிளைக்கும் ஒரே நிறங்கள். வன்கொலை என்பது ஏதோ ஒரு நாள் நடந்த விபரீதமாகத் தனி நிறத்தில் நிற்கவில்லை. பருத்திக்கு விலை இல்லாததும், கூலி இல்லாததும், பள்ளி இல்லாததும், நீதிமன்றத்தில் நியாயம் இல்லாததும், மரத்தில் கயிறு தொங்குவதும் ஒரே சமூகத்தின் ஒரே வேலை என்று அந்த நிறங்கள் சொல்கின்றன.

ஓவியத்துக்கு லாரன்ஸ் எழுதிய வாசகம் இதைவிட வறட்சியானது. இடம்பெயர்வுக்கு இன்னொரு காரணம் வன்கொலை என்றும், அதுவரை ஊரைவிடத் தயங்கியவர்களும் ஒரு வன்கொலை நடந்ததும் உடனே கிளம்பிவிட்டார்கள் என்றும் சொல்கிறார். அழுகை இல்லை, சாபம் இல்லை. ஓர் அறிக்கையின் குரல். அந்தக் குரலையும் படத்தையும் சேர்த்துப் படித்தால்தான் காலிக் கயிறு புரியும். இந்த ஓவியத்தின் பொருள் செத்தவரின் உடல் இல்லை. உயிரோடு மிச்சமிருப்பவர் அடுத்து என்ன செய்யப்போகிறார் என்பதுதான். சுருண்டு கிடக்கும் அந்த முதுகு எழுந்து நடக்கும். நடந்து ரயில் நிலையத்துக்குப் போகும். 1910-களிலிருந்து 1970 வரை சுமார் அறுபது லட்சம் பேர் அப்படிக் கிளம்பினார்கள்.

அடுத்த பலகையில் மரமே இல்லை. ஒரு பெண் மேசையில் சாய்ந்து கிடக்கிறார். மரத்தடியில் நடந்தது வீட்டுக்குள் வந்துவிட்டது. ஆனால் அந்த 16-ஆவது பலகை இருப்பது நியூயார்க்கின் நவீன கலை அருங்காட்சியகத்தில். ஒற்றைப்படை எண்கள் ஒரு நிறுவனத்துக்கும் இரட்டைப்படை எண்கள் இன்னொரு நிறுவனத்துக்கும் என்று 60 ஓவியங்களையும் பங்கு போட்டுக்கொண்டார்கள். மரத்தையும் அந்தத் துக்கத்தையும் இரண்டு ஊர்களில் மாட்டி வைத்திருக்கிறார்கள். பெரிய நிறுவனங்களின் கலைப் பற்று எப்படிப்பட்டது என்பதற்கு இதுவும் ஒரு சான்று.

உடலைக் காட்டிய படங்கள் யாருக்காக எடுக்கப்பட்டன?

லாரன்ஸ் இதை வரைவதற்குப் பத்தாண்டுகளுக்கு முன், 1930 ஆகஸ்ட் 7 அன்று, இண்டியானா மாநிலத்தின் மேரியன் நகரில் தாமஸ் ஷிப், ஏப்ரம் ஸ்மித் என்ற இரண்டு கறுப்பின இளைஞர்களைச் சிறையிலிருந்து இழுத்து வந்து அடித்துக் கொன்று மரத்தில் தொங்கவிட்டது ஒரு வெள்ளையர் கூட்டம். மூன்றாவதாக இழுத்து வரப்பட்ட பதினாறு வயது ஜேம்ஸ் கேமரன் உயிர் தப்பினார். பின்னாளில் மில்வாக்கியில் அமெரிக்கக் கறுப்பினப் பேரழிவு அருங்காட்சியகத்தை நிறுவியவர் அவர்தான். அந்த இரவில் லாரன்ஸ் பைட்லர் என்ற புகைப்படக்காரர் ஒரு படம் எடுத்தார். மேலே மரத்தில் இரண்டு உடல்கள். கீழே கேமராவைப் பார்த்து நிற்கும் கூட்டம். சிலர் முகத்தில் புன்னகை. ஒருவர் கை நீட்டிச் சுட்டிக் காட்டுகிறார். அந்தப் படம் ஆயிரக்கணக்கில் அச்சாகி விற்றது.

இதை நன்றாக மனதில் வையுங்கள். அந்தப் புகைப்படம் கண்டனமாக எடுக்கப்பட்டது இல்லை. நினைவுப் பொருளாக எடுக்கப்பட்டது. தஞ்சாவூர் போனால் தலையாட்டி பொம்மை வாங்கி வருவதுபோல, அங்கே போனவர்கள் அதை வாங்கினார்கள். வன்கொலைப் படங்களை அஞ்சல் அட்டையாகவே அச்சிட்டு உறவினருக்கு அனுப்பும் பழக்கமும் அந்த நாட்டில் இருந்தது. ஆக, தொங்கும் உடலைக் காட்டுவது என்பதே கொலையின் ஒரு பகுதி. கொன்றவர்கள் அதைக் காட்டவே விரும்பினார்கள். அடுத்தவர் பார்க்க வேண்டும், பயப்பட வேண்டும். மரத்தைத் தேர்ந்தெடுத்ததும் அதற்காகத்தான். உயரத்தில் வைத்தால் தூரத்திலிருந்தும் தெரியும்.

அதே படம் எதிர்ப்புக்கும் பயன்பட்டது என்பதையும் சொல்ல வேண்டும். அதைப் பார்த்துத் தூக்கம் இழந்த ஏபல் மீரோபோல் என்ற யூத ஆசிரியர் ஒரு கவிதை எழுதினார். 1939-இல் பில்லி ஹாலிடே அதைப் பாடலாகப் பதிவு செய்தார். அவரோடு ஒப்பந்தத்தில் இருந்த பெரிய நிறுவனம் தயங்கியதால் சிறிய நிறுவனம் ஒன்றில் பதிவு செய்ய வேண்டியிருந்தது. ஆனால் அந்தக் கவிதையும் பாடலும் புகைப்படத்தை அப்படியே திரும்பக் காட்டவில்லை. பழம், மரம், மணம் என்று தெற்கின் அழகிய நிலக்காட்சியை எடுத்து, அதைத் தின்ன முடியாதபடி செய்துவிட்டன.

பின்னால் வந்த கறுப்பின, லத்தீன் கலைஞர்கள் இதை இன்னும் கூர்மையாகப் புரிந்துகொண்டார்கள். கெர்ரி ஜேம்ஸ் மார்ஷல் 2002-இல் மேரியன் புகைப்படத்தை எடுத்து, ஏறக்குறைய முழுவதையும் வெள்ளையாக வெளுத்துவிட்டார். மரமும் உடல்களும் பனிமூட்டத்துக்குள் போனதுபோல மங்கிவிட்டன. கூட்டத்தில் இருந்த மூன்று வெள்ளைப் பெண்களின் முகங்கள் மட்டும், மூன்று படங்களில், கழுத்துச் சங்கிலியின் பதக்கத்துக்குள் தெளிவாகத் தெரிகின்றன. இந்த நகையை இவர்கள் தங்கள் பேத்திகளுக்குக் கொடுத்திருப்பார்கள் இல்லையா என்று அந்தப் படங்கள் கேட்கின்றன.

கென் கொன்சாலஸ்-டே இன்னொரு வழியில் போனார். கலிபோர்னியாவில் 1850-க்கும் 1935-க்கும் இடையே நடந்த 350-க்கும் மேற்பட்ட வன்கொலைகளை அவர் தேடித் திரட்டினார். அவற்றில் பெரும் பங்கு லத்தீன் மக்கள், பழங்குடிகள், சீனர்கள் மீது நடந்தவை. பழைய அஞ்சல் அட்டைகளிலிருந்து உடலையும் கயிற்றையும் அழித்துவிட்டு மரத்தையும் கூட்டத்தையும் மட்டும் மிச்சம் வைத்தார். பார்ப்பவரின் கண் வழக்கமாகப் போகும் இடத்தில் எதுவும் இல்லை. வேறு வழியில்லாமல் கூட்டத்தின் முகங்களைப் பார்க்க வேண்டியிருக்கிறது. குற்றவாளிகள் முதல்முறையாகப் படத்தின் நடுவுக்கு வருகிறார்கள். பிறகு கொலை நடந்த இடங்களைத் தேடிப் போய், இன்றும் நிற்கும் மரங்களைப் பெரிய அளவில் படம் பிடித்தார். விரிந்த கிளைகள், வெயில், நிழல். அழகான மரங்கள். விவரம் தெரியாதவருக்கு அது நாட்காட்டிப் படம். தெரிந்தவருக்கு அது சாட்சி.

"அரசியலைத் திணிக்காதீர்கள்"

இந்த இடத்தில் ரசனைக்காரர்கள் எழுந்து நிற்பார்கள். "படத்தில் இருப்பதைப் பாருங்கள். வெளியிலிருந்து வரலாற்றைக் கொண்டுவந்து திணிக்காதீர்கள். ஓவியத்தின் உணர்வு நிறத்திலும் கோட்டிலும் இருக்கிறது."

நிறத்தையும் கோட்டையும் நாங்கள்தான் ஒழுங்காகப் பார்க்கச் சொல்கிறோம். லாரன்ஸ் அடிமரத்தை வரையவில்லை. வேர் இல்லை, நிழல் இல்லை. மரம் என்று நாம் நேசிக்கும் எல்லாவற்றையும் நீக்கிவிட்டு, தூக்குக்கு எது தேவையோ அந்தக் கிளையை மட்டும் வைத்திருக்கிறார். மரத்தை ஒரு கருவியாகச் சுருக்கிய கூட்டத்தின் பார்வை அது. இதைச் சொல்வதற்குப் படத்துக்கு வெளியே போக வேண்டியதில்லை. கோட்டைப் பார்த்தாலே போதும்.

திணிப்பு நடப்பது வேறு இடத்தில். மரம் என்றால் அமைதி என்று முன்கூட்டியே முடிவு செய்துகொண்டு வருகிறாரே, அவர்தான் தன் வரலாற்றைப் படத்தின்மேல் திணிக்கிறார். மரத்தடியில் சாய்ந்து உட்கார்ந்து காற்று வாங்கியவரின் வரலாறு அது. அது பொது அனுபவம் என்றும், மற்றவர் அனுபவம் மட்டும் அரசியல் என்றும் பெயர் வைத்துவிட்டார். நம் ஊரில் சாதி இந்துவின் உணவு 'உணவு' என்றும், நம் உணவு 'தலித் உணவு' என்றும் ஆனதுபோல.

ஆலமரத்தடி

அமெரிக்காவிலிருந்து நம் பக்கம் திரும்புவதற்கு வலிந்து பாலம் கட்ட வேண்டியதில்லை. ஜோதிராவ் ஃபுலே 1873-இல் தன் "குலாம்கிரி" நூலை, அடிமை முறையை ஒழிக்கப் போராடிய அமெரிக்க மக்களுக்குக் காணிக்கை ஆக்கினார். அண்ணல் அம்பேத்கர் 1946-இல் டபிள்யூ. இ. பி. டு போய்ஸுக்குக் கடிதம் எழுதினார். 1972-இல் பம்பாயில் பிறந்த தலித் பேந்தர்ஸ் தங்கள் பெயரையே கறுஞ்சிறுத்தைகளிடமிருந்து எடுத்துக்கொண்டது. அந்த வழியிலேயே இந்த ஓவியத்தையும் எடுத்துக்கொள்வோம். எடுத்துக்கொண்டு நம் மரங்களைப் பார்ப்போம்.

தமிழ் மனதில் மரத்தடி என்றால் முதலில் வருவது ஊர்ப் பஞ்சாயத்து. நாட்காட்டியிலும் சினிமாவிலும் பார்த்திருக்கிறோம். பெரிய ஆலமரம், கீழே மேடை, மேடையில் சமுக்காளம், பக்கத்தில் வெற்றிலைச் செம்பு, மீசையோடு ஒரு பெரிய மனிதர். பின்னணியில் புல்லாங்குழல். உணர்வு? பாசம், மண் வாசனை, நீதி.

அந்தப் படத்தில் சேரி எங்கே இருக்கிறது? சட்டகத்துக்கு வெளியே. வந்தாலும் துண்டைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு, நிழல் முடியும் இடத்தில், வெயிலில். ஆலமரத்தின் நிழலுக்கு எல்லை உண்டு. அந்த எல்லையைச் சூரியன் மட்டும் தீர்மானிக்கவில்லை. "மரத்தில் கட்டிவைத்து அடித்தார்கள்" என்ற தொடரை நம் செய்தித்தாள்களில் எத்தனை முறை படித்திருக்கிறோம்! அச்சுக்கோர்ப்பவர் கண்ணை மூடிக்கொண்டு கோர்க்கும் அளவுக்குப் பழகிப்போன தொடர் அது. தீர்ப்பு சொன்ன மரமும் கட்டிவைத்த மரமும் வேறு வேறு என்று நினைக்கிறீர்களா?

மரத்தடியிலிருந்து பஞ்சாயத்து அலுவலகக் கட்டடத்துக்கு அதிகாரம் நகர்ந்தபோது என்ன நடந்தது என்பதையும் சேர்த்துப் பாருங்கள். பாப்பாப்பட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலத்தில் தலைவர் பதவி பட்டியல் சாதியினருக்கு ஒதுக்கப்பட்டது என்பதற்காகவே 1996 முதல் பத்தாண்டுகள் ஒழுங்காகத் தேர்தல் நடத்த விடவில்லை. 2006-இல்தான் நிலைமை மாறியது. மேலவளவில் 1997 ஜூன் 30 அன்று பஞ்சாயத்துத் தலைவர் முருகேசனையும் உடனிருந்தவர்களையும் வெட்டிக் கொன்றார்கள். 2020-இல் கடலூர் மாவட்டம் தெற்குத்திட்டையில், தேர்ந்தெடுக்கப்பட்ட தலித் பெண் தலைவர் கூட்டத்தில் தரையில் உட்கார வைக்கப்பட்ட படம் வெளியானது. மற்றவர்கள் நாற்காலியில். ஆலமரத்தை வெட்டிவிட்டாலும் அதன் நிழலை எடுத்துக்கொண்டு போய் அலுவலகத்துக்குள் விரித்துக்கொள்கிறார்கள். இது தெரிந்தவர் மரத்தடிப் பஞ்சாயத்து ஓவியத்தைப் பார்த்து மண் வாசனை என்று சொல்ல மாட்டார்.

நம் கைபேசியில் இருக்கும் மரம்

இனி நமக்குள் பேச வேண்டியதைப் பேசுவோம். இதுவரை மற்றவர்களைக் கேள்வி கேட்டது எளிது.

2022 செப்டம்பர் 14 அன்று உத்தரப் பிரதேசத்தின் லக்கிம்பூர் கேரியில் இரண்டு தலித் சகோதரிகளின் உடல்கள் ஒரு மரத்தில் தொங்கக் கண்டெடுக்கப்பட்டன. இருவரும் வயதுக்கு வராத சிறுமிகள். பாலியல் வல்லுறவுக்குப் பின் கழுத்தை நெரித்துக் கொன்று, தற்கொலைபோலத் தெரிய மரத்தில் தொங்கவிட்டார்கள் என்று காவல்துறையே சொன்னது. ஆறு பேர் கைது செய்யப்பட்டார்கள்.

இப்படி ஒரு செய்தி வந்த சில மணி நேரத்தில் நம் வாட்ஸ்அப் குழுக்களில் என்ன வருகிறது? தொங்கும் உடலின் படம். "முடிந்தவரை பகிருங்கள்" என்ற வரி. பகிர்பவர் கெட்டவர் இல்லை. கோபத்தில் பகிர்கிறார். உலகம் பார்க்கட்டும் என்று பகிர்கிறார். ஆனால் மேரியனின் புகைப்படத்தை நினைத்துக்கொள்ளுங்கள். கொன்றவர் அந்த உடலை உயரத்தில் வைத்தது எல்லாரும் பார்க்க வேண்டும் என்பதற்காக. நாம் அதை இன்னும் உயரத்தில் ஏற்றி வைக்கிறோம். பாலியல் வன்முறைக்கு ஆளானவரின் அடையாளத்தை வெளியிடுவது சட்டப்படி குற்றம். குழந்தைகள் என்றால் இன்னும் கடுமையான குற்றம். ஆனால் சட்டத்துக்காக மட்டும் இதைச் சொல்லவில்லை. நம் பெண் பிள்ளைகளின் உயிரோடிருந்த முகம் யாருக்கும் தெரியாமல், தொங்கிய உடல் மட்டும் எல்லாருக்கும் தெரிந்திருப்பது அந்தக் கொலையாளிகளின் வெற்றி.

"அப்படியென்றால் எம்மெட் டில்?" என்று நம் தோழர்கள் கேட்பார்கள். நியாயமான கேள்வி. 1955-இல் மிசிசிப்பியில் கொல்லப்பட்ட பதினான்கு வயது மகனின் சவப்பெட்டியைத் திறந்து வைக்க வேண்டும் என்று மேமி டில் முடிவு செய்தார். சிதைக்கப்பட்ட அந்த முகத்தை ஜெட் இதழ் வெளியிட்டது. குடியுரிமைப் போராட்டத்தில் அது பெரும் தீயை மூட்டியது. உண்மை. ஆனால் அங்கே முடிவு செய்தவர் தாய். வெளியிட்டது கறுப்பின மக்களின் இதழ். வரிசையில் நின்று பார்த்தவர்களில் பெரும்பாலோர் அந்த மக்களே. கொன்றவர் மறைக்க நினைத்து ஆற்றில் எறிந்த உடலை அவர் வெளியே கொண்டுவந்தார். மேரியனில் கொன்றவர் காட்ட நினைத்ததை அஞ்சல் அட்டை காட்டியது. இரண்டும் உடலின் படம்தான். அரசியல் நேர் எதிர்.

ஹத்ராஸை எடுத்துக்கொள்ளுங்கள். 2020 செப்டம்பர் 30 அதிகாலையில், குடும்பத்தின் சம்மதம் இல்லாமல், அந்தப் பெண்ணின் உடலைக் காவல்துறை எரித்தது. முகத்தைக் கடைசியாகப் பார்க்கும் உரிமை தாய்க்கே மறுக்கப்பட்டது. அங்கே மறைக்கப்பட்டதை வெளியே கொண்டுவருவதுதான் அரசியல். ஆகவே 'காட்டலாமா கூடாதா' என்று பொதுவாகக் கேட்பதில் பயனில்லை. கொன்றவர் எதை விரும்பினார்? குடும்பம் எதை விரும்புகிறது? முடிவு யார் கையில் இருக்கிறது? பார்ப்பவர் பார்த்துவிட்டு என்ன செய்யப்போகிறார்? இந்த நான்கு கேள்விகளுக்கும் விடை தெரியாமல் ஒரு படத்தைப் பகிராதீர்கள்.

இதைச் சொன்னால் "மென்மையாக்குகிறீர்கள்" என்று ஒரு குற்றச்சாட்டு வரும். லாரன்ஸின் கிளையைப் பார்த்துவிட்டு அது மென்மையாக இருக்கிறது என்று யாராவது சொல்லட்டும்.

இல்லாதவரை வரைவது நமக்குப் புதிதா?

உடலைக் காட்டாமல் ஒருவரைக் காட்டும் கலை நமக்கு அந்நியச் சரக்கு இல்லை. சென்னையில் இருப்பவர்கள் எழும்பூர் அருங்காட்சியகத்தின் அமராவதிச் சிற்பங்களைப் போய்ப் பாருங்கள். பழைய பௌத்தச் சிற்பங்களில், பர்ஹூத்தில், சாஞ்சியில், அமராவதியில், புத்தர் பல இடங்களில் மனித உருவமாக இல்லை. ஒரு மரம் இருக்கும். மரத்தடியில் ஓர் இருக்கை இருக்கும். இருக்கை காலியாக இருக்கும். சுற்றிலும் மக்கள் கைகூப்பி நிற்பார்கள். ஏன் இப்படிச் செதுக்கினார்கள் என்பதற்கு ஆய்வாளர்கள் வேறு வேறு விளக்கங்கள் தருகிறார்கள். எந்த விளக்கத்தை எடுத்துக்கொண்டாலும் ஒன்று கண்ணுக்குத் தெரிகிறது. அந்தக் காலி இடத்தைச் சுற்றித்தான் மொத்தச் சிற்பமும் கூடி நிற்கிறது.

காலிக் கயிறு ஒரு பக்கம், காலி இருக்கை ஒரு பக்கம். இரண்டும் மரத்தடிதான். ஒன்று கொலை நடந்த இடம், இன்னொன்று விழிப்பு நடந்த இடம். மரம் என்றால் இன்ன உணர்வு என்று அகராதி எழுத முடியாது என்பதற்கு இதைவிட என்ன வேண்டும்?

அண்ணலின் வாழ்விலும் ஒரு மரம் உண்டு. 1917-இல் பரோடா சமஸ்தானத்தில் வேலைக்குப் போனார் அவர். கொலம்பியாவிலும் லண்டனிலும் படித்துவிட்டு வந்தவருக்கு, தங்க ஓர் இடம் கிடைக்கவில்லை. சாதியை மறைத்துத் தங்கிய பார்சி விடுதியிலிருந்து தடியோடு வந்தவர்கள் விரட்டினார்கள். ஊர் திரும்பும் ரயிலுக்காகக் காத்திருந்த நேரத்தை அங்கிருந்த பொதுத் தோட்டத்தில் துயரத்தோடு கழித்ததாக அவரே எழுதியிருக்கிறார். இன்று வடோதராவில் அந்தத் தோட்டத்தின் ஆலமரத்தடியைச் சங்கல்ப பூமி என்று அழைத்து, ஒவ்வோர் ஆண்டும் செப்டம்பர் 23 அன்று மக்கள் திரள்கிறார்கள். அந்த மரத்தை யாராவது வரைந்தால், அதில் என்ன உணர்வு இருக்க வேண்டும்? சோகமா, உறுதியா? சுருண்டு உட்கார்ந்த ஒரு முதுகு எழுந்து நடந்தது என்ற நினைவு இருக்க வேண்டும்.

வெறும் மரம் வரையும் உரிமை

கடைசியாக ஒன்று. இதையெல்லாம் படித்துவிட்டு, இனி எந்த மரத்தைப் பார்த்தாலும் கயிறு தேடத் தொடங்கினால், நீங்களும் ஓர் அகராதியைத்தான் தயாரிக்கிறீர்கள். பழையதற்குப் பதிலாகப் புதியது, அவ்வளவுதான்.

தலித் ஓவியர் என்றால் காயத்தை வரைய வேண்டும், கயிற்றை வரைய வேண்டும், மலக்குழியை வரைய வேண்டும் என்று எதிர்பார்க்கும் காட்சிக்கூடங்கள் இருக்கின்றன. காயம் இல்லாவிட்டால் அவர்களுக்கு அது தலித் கலையாகத் தெரிவதில்லை. பிறப்பை வைத்துத் தொழிலை ஒதுக்குவது சாதி என்றால், பிறப்பை வைத்துப் பாடுபொருளை ஒதுக்குவதற்கு என்ன பெயர்? நம் பிள்ளை ஒருத்தி தன் வீட்டுக்குப் பின்னால் நிற்கும் வேப்பமரத்தை, வெயில் விழும் இலையை, வெறும் ஆசைக்காக வரைந்தால், அதுவும் நம் கலைதான். அந்த நிழலில் அவள் யாரையும் கேட்காமல் உட்கார்ந்து வரைந்திருக்கிறாள். அப்படி உட்கார்வதற்காகத்தான் முந்தைய தலைமுறை அடிவாங்கியது. அமைதி என்ற சொல்லை அந்தப் படத்துக்குத் தாராளமாகக் கொடுக்கலாம்.

எனவே கல்லூரிகளில் வாசிப்பு வட்டம் நடத்தும் தோழர்களுக்கு ஒரு வேலை. அடுத்த கூட்டத்தில் ஒரு புத்தகத்துக்குப் பதிலாக ஒரு மரத்தின் ஓவியத்தை நடுவில் வையுங்கள். லாரன்ஸின் 15-ஆவது பலகையில் தொடங்கலாம். யாரும் உடனே உணர்வைச் சொல்லக் கூடாது. முதலில் படத்தில் இருப்பதை எல்லாம் சொல்லுங்கள். அடுத்து, இருக்க வேண்டியது எது இல்லை என்று சொல்லுங்கள். அடுத்து, இந்த நிழல் யாருக்குக் கிடைத்தது, யாருக்குக் கிடைக்கவில்லை என்று கேளுங்கள். அதற்குப் பிறகு உணர்வைப் பற்றிப் பேசுங்கள். பிறகு எல்லாரும் கைபேசியைத் திறந்து, அதில் சேர்ந்து கிடக்கும் நம் இறந்தவர்களின் படங்களைப் பார்த்து, எதை வைத்துக்கொள்வது, எதை அழிப்பது, யாருடைய உயிரோடிருந்த முகத்தைத் தேடிப் பிடித்து அடுத்த நினைவு நாள் சுவரொட்டியில் போடுவது என்று அங்கேயே முடிவெடுங்கள்.